வியர்வையும் மண்பானையும்



ஒரு கணக்கோடு இப்பேச்சைத் தொடங்குகிறேன். மே மாதத்தில் ஒரு பிற்பகல். செங்கற்பட்டில் வெப்பமானி 39 பாகை செல்சியஸ் காட்டுகிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 30. அதே வேளையில், கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாமல்லபுரத்தில் கடற்காற்று புகுந்துவிட்டது. அங்கே வெப்பநிலை 34 பாகைதான். ஈரப்பதமோ நூற்றுக்கு 70. ஒத்த வயதும் ஒத்த எடையும் உடைய இரண்டு இளைஞர்கள், இங்கே ஒருவனும் அங்கே ஒருவனுமாக, ஐந்து கிலோமீட்டர் தூரம் ஓடுகிறார்கள். இருவரில் எவனுடைய உடல் மிகுதியாகச் சூடேறும்?

வகுப்பறையில் இக்கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். செங்கற்பட்டில் ஓடுகிறவனே என்று பெரும்பாலோர் தயங்காமல் விடை கூறுவர். அந்த விடை சரியா என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம். அதற்கு முன்பு, ஓடுகிற உடலுக்குள் எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

மனிதன் ஓடும்போது, அவனது எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும், கடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், ஏறத்தாழ ஒரு கிலோகலோரி சக்தி செலவாகிறது. நம் இளைஞனின் எடை 60 கிலோகிராம் எனக் கொண்டால், ஐந்து கிலோமீட்டருக்கு 300 கிலோகலோரி. தசை என்பது ஓர் இயந்திரம். எந்த இயந்திரமும் தான் உண்ட எரிபொருள் முழுவதையும் வேலையாக மாற்றுவதில்லை. தசையும் அப்படியே. செலவாகும் சக்தியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. 240 கிலோகலோரி என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோகிராம் எடையுள்ள உடலின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 50 கிலோகலோரி போதும். ஆகவே, பிறந்த வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்குமானால், 37 பாகையில் ஓடத் தொடங்கியவன் ஓட்டத்தின் முடிவில் 42 பாகையை எட்டியிருப்பான். அந்த நிலையில் மூளையும் ஈரலும் தாங்கா. எனினும் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு, வீட்டுக்கு வந்து காப்பி அருந்திக்கொண்டிருக்கிறார்களே! அந்த வெப்பம் எங்கே போயிற்று?

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறிய பகுதி ஒன்று உண்டு. அளவில் ஒரு பாதாம் பருப்பை ஒத்தது. தன் வழியே ஓடும் இரத்தத்தின் சூட்டை அது இடைவிடாமல் சோதித்துக்கொண்டே இருக்கிறது. தோலிலிருந்து நரம்புகள் கொண்டுவரும் செய்தியையும் கேட்டறிகிறது. தசைகளில் சூடேறிய இரத்தம் அங்கே வந்து சேர்ந்தவுடன் இரண்டு ஆணைகள் பிறக்கின்றன. முதலாவது, தோலின் அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிய வேண்டும் என்பது. ஓய்வு வேளையில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாகவே தோலுக்குச் செல்லும் இரத்தம், கடும் வெப்பத்தில் ஆறு ஏழு லிட்டர் வரையிலும் பெருகக்கூடும். ஓடிவந்தவன் முகம் சிவப்பதும், கருநிறத்தோன் முகம் கன்றிப் பளபளப்பதும் இதனால்தான். இரண்டாவது ஆணை வியர்வைச் சுரப்பிகளுக்குச் செல்கிறது. நம் உடலெங்கும் 20 முதல் 40 லட்சம் சுரப்பிகள் இருக்கின்றன.

தோலுக்கு வந்த வெப்பம் காற்றுக்குப் போவது எப்படி? கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று பாடப்புத்தகத்தில் மூன்று வழிகளைப் படித்திருப்பீர்கள். இம்மூன்றும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை: வெப்பம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் பாயும். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை. மார்கழிக் காலையில் காற்று 22 பாகையாக இருக்கும்போது இவ்வழிகள் நன்றாக வேலை செய்யும். நம் மே மாதத்துச் செங்கற்பட்டில் காற்று 39 பாகை. அங்கே வெப்பம் காற்றிலிருந்து உடலுக்குள் பாய்கிறது! மாமல்லபுரத்தின் 34 பாகையிலும் ஒரு பாகை வேறுபாட்டால் பெரும் பயன் விளையாது. ஆக, நம் கோடையில் எஞ்சி நிற்கும் வழி ஒன்றே ஒன்றுதான். அது வியர்வை ஆவியாதல்.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். வியர்வை கொட்டினால் உடல் குளிர்ந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். வியர்ப்பது வேறு, குளிர்வது வேறு. வியர்வை தோலின் மேல் இருந்தபடியே ஆவியாக மாற வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. அந்த வெப்பத்தை அது தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இக்கணக்கின்படி, நம் இளைஞனின் 240 கிலோகலோரியைப் போக்க அரை லிட்டருக்கும் குறைந்த வியர்வை போதும். ஆனால், அதன் ஒவ்வொரு துளியும் ஆவியாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து சொட்டி மண்ணில் விழுந்த துளி உடலுக்கு எந்த உபகாரமும் செய்யவில்லை. உடலின் நீரையும் உப்பையும் கொண்டு போனதுதான் மிச்சம்.

இதை விளங்கிக்கொள்ள நம் வீட்டு மண்பானையைவிடச் சிறந்த ஆசான் இல்லை. சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து, பானையின் புறத்தே ஈரமாகப் படர்ந்து, ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பம் உள்ளிருக்கும் நீரிலிருந்து போகிறது. நீர் தண்ணென்று ஆகிறது. பித்தளைக் குடத்தில் இது நடவாது, ஏனெனில் கசிவதற்கு வழியில்லை. அதே மண்பானை ஐப்பசி மாதத்து அடைமழையில் என்ன செய்கிறது? கசிவது நிற்பதில்லை, பானையின் அடியில் ஈரம் தேங்கியே கிடக்கும். ஆயினும் நீர் குளிர்வதில்லை. காற்றே நீராவியால் நிரம்பியிருக்கும்போது, பானையின் ஈரம் எங்கே போய்ச் சேரும்? கோடையில் செங்கற்பட்டுப் பக்கத்துப் பானை நீருக்கு உள்ள குளிர்ச்சி கடலோரத்துப் பானை நீருக்கு இல்லாமையும் இதனாலேயே.

பானையின் பாடத்தை மனித உடலில் சோதித்துக் காட்டியவர்கள் இங்கிலாந்து நாட்டு அறிஞர் சிலர். 1774-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் பிளாக்டன் என்னும் மருத்துவரும் அவருடைய நண்பர்களும் இலண்டனில் சூடேற்றிய அறை ஒன்றுக்குள் புகுந்தனர். அச்சோதனைகளில் அறையின் வெப்பநிலை 127 பாகை செல்சியஸ் அளவுக்கு உயர்ந்தது. நீரின் கொதிநிலையைக் காட்டிலும் மிகுதி! உடன் கொண்டுபோன முட்டைகளும் இறைச்சித் துண்டும் அங்கே வெந்துவிட்டன. மனிதர்களோ நலமாக வெளியே வந்தனர். அறையின் காற்று வறண்டிருந்தமையால் அவர்கள் வியர்வை உடனுக்குடன் ஆவியாயிற்று. இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது பிளாக்டன் செய்த வேறொரு சிறு சோதனை. அதே அறையில் ஒரு பாத்திரத்தில் நீரை வைத்தார்; அது கொதிக்கவில்லை. அதன் மேற்பரப்பில் சிறிது எண்ணெயைப் பரப்பினார், நீர் கொதித்தது. எண்ணெய்ப் படலம் ஆவியாதலைத் தடுத்ததும், பாத்திரத்துக்கு இருந்த காப்பு போய்விட்டது.

இந்த எண்ணெய்ப் படலத்தின் கதை 138 ஆண்டுகளுக்குப் பின் மிகவும் துயரமான முறையில் மீண்டது. 1912 ஜூலை 14-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டம். வடநாட்டுக்கு அது வழக்கமில்லாத வெயில். போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ லாசரோ என்னும் இளைஞர் ஓட்டத்தின் இடையே சரிந்து விழுந்தார். மறுநாள் உயிர் நீத்தார். வெயில் தாக்காமல் இருப்பதற்காக அவர் தம் உடலெங்கும் மெழுகு போன்ற கொழுப்பைப் பூசிக்கொண்டிருந்தார் எனக் கூறப்படுகிறது. மண்பானையின் துளைகளைத் தாமே அடைத்துக்கொண்டார் என்க. இக்காலத்தில் எடையைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, நீர் புகாத செயற்கைத் துணிச் சட்டையை அணிந்துகொண்டு வெயிலில் ஓடும் இளைஞர்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காணும்போதெல்லாம் எனக்கு லாசரோவின் நினைவு வரும். அவர்கள் இழப்பது நீரையே அன்றிக் கொழுப்பை அன்று.

கடற்கரைச் சாலையைக் குறிப்பிட்டதால் மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பங்களையும் ஒரு முறை பார்த்துவிடுவோம். அருச்சுனன் தவம் என்று வழங்கும் பெரும்பாறையில் யானைகள் நிற்கின்றன. அவற்றின் காதுகளைக் கவனியுங்கள். யானைக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை என்றே சொல்லலாம். கால் நகங்களை ஒட்டிச் சிறிதளவு உண்டு. அதன் அகன்ற காதுகளே அதற்கு விசிறி. இரத்தக் குழாய்கள் நிறைந்த அந்தக் காதுகளை அசைத்து அசைத்து இரத்தத்தைக் குளிரச் செய்கிறது. மகிடாசுரமர்த்தினி குகையில் எருமைத் தலையோடு அசுரன் நிற்கிறான். உண்மையான எருமைக்கோ வியர்வைச் சுரப்பிகள் குறைவு, தோலோ கறுப்பு. ஆகவே அது குட்டையைத் தேடிச் சேற்றில் புரள்கிறது. சேற்று நீர் ஆவியாகி அதன் உடல் குளிர்கிறது. வியர்வையை வெளியிலிருந்து கடன் வாங்குகிறது எனலாம். நாயும் பூனையும் உள்ளங்கால்களில் மட்டுமே வியர்க்கும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. மனிதனோ, உடல் முழுவதும் மயிர் குறைந்து, உடல் முழுவதும் வியர்க்கும் பிராணி. வேகத்தில் மானையும் குதிரையையும் வெல்ல மாட்டான். ஆனால், வெயிலில் நெடுந்தூரம் ஓடுவதற்கு அவனுக்கு இணையான உயிர்கள் மிகச் சில. குதிரை ஒன்று ஓரளவு இணையாகும். அதுவும் நன்றாக வியர்க்கும்.

இனி நம் கணக்குக்குத் திரும்புவோம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் உலர்குமிழ் ஈரக்குமிழ் வெப்பமானியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு குமிழ் வெறுமையாக இருக்கும். மற்றொன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஈரத்துணி சுற்றிய குமிழ்தான் மண்பானை. அதுதான் வியர்க்கும் மனிதன். ஆவியாதலினால் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது சொல்லிவிடுகிறது. 39 பாகையும் நூற்றுக்கு 30 ஈரமும் உள்ள செங்கற்பட்டில் ஈரக்குமிழ் ஏறத்தாழ 25 பாகை காட்டும். 34 பாகையும் நூற்றுக்கு 70 ஈரமும் உள்ள மாமல்லபுரத்தில் அது 29 பாகை காட்டும்! உலர்குமிழின்படி ஐந்து பாகை குளிர்ந்த ஊர், ஈரக்குமிழின்படி நான்கு பாகை வெம்மையான ஊராகிவிடுகிறது. கடலோரத்தில் ஓடுகிறவனின் வியர்வை வழியும், ஆனால் உலராது. அவனுடைய உடலே மிகுதியாகச் சூடேறும்.

கடற்காற்று வீசுகிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். காற்று வீசினால், தோலை ஒட்டித் தேங்கிய நீராவியை அது அள்ளிக்கொண்டு போகும், ஆவியாதல் விரையும். திறந்த மணலில் நிற்பவனுக்கு அக்காப்பு உண்டு. சவுக்குத் தோப்புக்கு உட்புறமோ, மதில் சூழ்ந்த மைதானத்திலோ ஓடுகிறவனுக்கு அது கிட்டாது. ஈரம் மட்டும் அவனோடு இருக்கும்.

இவ்வுண்மையை இராணுவத்தார் பட்டறிந்துதான் கற்றனர். அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாமில் வெப்பத்தால் வீரர்கள் வீழ்ந்துகொண்டிருந்தமையால், யாக்லூ, மினார்டு என்னும் இருவர் 1957-இல் ஒரு புதிய அளவை வகுத்தனர். ஈரக்குமிழ் காட்டுவதில் பத்தில் ஏழு பங்கு. வெயிலில் வைத்த கரும்பந்துக்குள் உள்ள வெப்பமானி காட்டுவதில் பத்தில் இரண்டு பங்கு. சாதாரண வெப்பமானி காட்டுவதில் பத்தில் ஒரே ஒரு பங்கு. இம்மூன்றையும் கூட்டிவருவதே அந்த அளவு. செய்தித்தாளில் நாம் நாள்தோறும் பார்த்து அஞ்சும் எண்ணுக்கு அங்கே கிடைத்த மதிப்பைப் பாருங்கள்! மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி தோன்றியதும் அதே 1957-இல்தான். இரண்டுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆயினும், கருங்கல்லைச் செதுக்கும் சிற்பிகள் நாற்புறமும் திறந்த கீற்றுக் கொட்டகையின் கீழ் அமர்ந்து வேலை செய்வதைப் பார்க்கும்போது, கரும்பந்தின் பங்கை அவர்கள் கணக்கில்லாமலே அறிந்திருக்கிறார்கள் என்று தோன்றும். நிழலும் காற்றோட்டமும் ஒரே கூரையின் கீழ்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 பாகையை எட்டினால் மனிதன் சும்மா அமர்ந்திருந்தாலும் வெப்பத்தை வெளியேற்ற முடியாது என்று 2010-இல் ஷெர்வுட், ஹூபர் என்னும் அறிஞர்கள் கணக்கிட்டனர். 2022-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஒன்றில் நலமுள்ள இளைஞர்களைச் சோதனை அறையில் அமர்த்திச் சோதித்தபோது, ஈரமான காற்றில் அந்த எல்லை 31 பாகையை ஒட்டியே வந்துவிட்டது. அவர்கள் செய்தது வீட்டு வேலையை ஒத்த இலேசான அசைவே. ஓடுகிறவனுக்கு எல்லை இன்னும் தாழ்வு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்த எல்லையை நெருங்கும்போது உடலுக்குள் ஒரு போட்டி நிகழ்கிறது. இரத்தம் தோலுக்கும் வேண்டும், தசைக்கும் வேண்டும். வியர்வையாக நீர் போகப் போக இரத்தத்தின் அளவே குறைகிறது. குறைந்த இரத்தத்தைக் கொண்டு இரண்டு எசமானர்களுக்கு ஊழியம் செய்ய வேண்டிய இதயம் மேலும் மேலும் விரைகிறது. இறுதியில் மூளை தடை போடுகிறது. 1999-இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், பயிற்சி பெற்ற ஏழு மிதிவண்டி வீரர்களை வெப்ப அறையில் மிதிக்கச் செய்தனர். முன்கூட்டியே குளிர்வித்தும் சூடேற்றியும் வெவ்வேறு வெப்பநிலைகளில் தொடங்கச் செய்தனர். எவ்வாறு தொடங்கினாலும், உடலின் உள்வெப்பம் 40 பாகையைச் சற்றே தாண்டியதும் ஒவ்வொருவரும் களைத்து நின்றுவிட்டனர். களைப்பு என்பது சோம்பலன்று, மாணவர்களே. அஃது ஒரு காவலன்.

அந்தக் காவலனைப் பிடித்துத் தள்ளக்கூடியவை சில உண்டு. பரிசு, வேலை, ஆசிரியரின் ஊதல், சக மாணவரின் கேலி ஆகியவை அவை. 2024 ஆகஸ்டு 22 முதல் ஜார்க்கண்டு மாநிலத்தில் கலால் காவலர் பணிக்கு உடற்தகுதித் தேர்வு நடந்தது. ஆண்கள் 10 கிலோமீட்டர் தூரத்தை ஒரு மணி நேரத்தில் ஓடிக் கடக்க வேண்டியிருந்தது. அந்தச் சில நாள்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தனர். இறப்புகளுக்குக் காரணம் பற்றி அங்கே பல கருத்துகள் எழுந்தன. ஊக்கமருந்து பற்றிய பேச்சும் இருந்தது. அரசு தேர்வைச் சில நாள் நிறுத்தி வைத்தது. காலை ஒன்பது மணிக்குமேல் ஓட்டம் கூடாது என்றும் ஆணையிட்டது. அஃது ஆகஸ்டு மாதம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயில் அன்று, மழைக்காலத்து ஈரக்காற்று. நம் மாநிலத்தில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் ஓட வேண்டியது 1500 மீட்டர்தான், ஏழு நிமிடங்கள். ஆனால், அதற்குப் பயிற்சி செய்யும் பிள்ளைகள் ஏரிக்கரைகளிலும் கடற்கரைச் சாலையிலும் அதைப் போல் பல மடங்கு ஓடுகிறார்கள். உடன் ஒரு பெரியவரும் இருப்பதில்லை. ஒரு குடம் தண்ணீரும் இருப்பதில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை நெடுங்காலமாக நிலவி வருகிறது. விளையாடும்போது தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும், மூச்சு வாங்கும், ஆகவே முடியும் வரை குடிக்கலாகாது என்பது. நான் பணியாற்றிய காலத்தில் இதனை எதிர்த்து வாதாடாத ஆண்டு இல்லை. கடும் உழைப்பில் மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை என்பது சாதாரணம். இரண்டு லிட்டரும் உண்டு. அதை ஈடு செய்யாமல் இருப்பது, கிணற்றில் நீர் வற்றிய பின்னும் இயந்திரத்தை ஓட்டுவதற்கு ஒப்பாகும்.

நீரோடு உப்பும் போகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ இரண்டு கிராம் உப்பு இருக்கலாம். ஆகவே, மணிக்கணக்கில் வியர்ப்பவன் வெறுந்தண்ணீரை மட்டும் வயிறு கொள்ளாத அளவுக்குக் குடித்தால், இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து வேறோர் ஆபத்து நேரும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் நூற்றுக்கு 13 பேருக்கு இந்நிலை காணப்பட்டது. தாகத்துக்குத் தக்க அளவு குடிப்பதே முறை. அரைமணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீர் போதும். நெடுநேர உழைப்புக்கு உப்பிட்ட நீர்மோரோ, பழைய சோற்றின் நீராகாரமோ மிகப் பொருத்தம். இளநீரைப் புகழாதார் இல்லை; அது நல்ல பானந்தான். ஆனால், அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். இளநீர் விற்போர் என் மீது கோபம் கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். உடன் சிறிது உப்பிட்ட உணவையும் கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

உப்பைப் பற்றிப் பேசும்போது உப்பு விளைவிப்போரை மறத்தல் ஆகாது. கோவளத்துக்கு அருகே கேளம்பாக்கத்தை ஒட்டிய உப்பளங்களை நீங்கள் பேருந்திலிருந்து பார்த்திருக்கலாம். அங்கே நிழல் இல்லை. கீழே விரிந்த வெண்மையான பரப்பு வெயிலைத் திருப்பி எறிகிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் என்னும் அறிஞரும் குழுவினரும் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்தனர். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைக் கடந்த வெப்பத்தில் உழைத்துக்கொண்டிருந்தனர். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் செயல் குறைந்திருந்தது. அவ்வாய்வுகளில் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது வேறொரு செய்தி. வேலை செய்யும் இடத்தில் கழிப்பிடம் இல்லாமையால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பது.

இது உப்பளத்தோடு நின்றுவிடுகிறதா? விளையாட்டு மணி முடிந்து வரும் மாணவியர் சிலரின் தண்ணீர்ப் புட்டி காலையில் நிரப்பியபடியே இருப்பதை எத்தனை ஆசிரியர்கள் கவனித்திருக்கிறார்கள்? கழிப்பறை தூரம், அல்லது தாழ்ப்பாள் இல்லை, அல்லது நீர் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு உடலியல் பாடம் தெரியாமல் இல்லை. நம்மைவிட நன்றாகத் தெரியும். கேரளத்தில் 2019 முதல் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே தனி மணி அடிக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 2025-இல் அது வந்தது. மிகவும் நல்லது. மணியோடு தாழ்ப்பாளும் வர வேண்டும்.

மற்றொன்று, ஜூன் மாதத்தைப் பற்றியது. வெயிலில் உழைக்கும் உடல் பத்துப் பதினான்கு நாள்களில் வெயிலுக்குப் பழகுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்குகிறது, மிகுதியாகச் சுரக்கிறது, அதிலுள்ள உப்பும் குறைகிறது. உடல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இந்த அதிசயத்துக்கு வேண்டியது காலம் ஒன்றே. கோடை விடுமுறையில் மின்விசிறியின் கீழோ, குளிர்பதன அறையிலோ கிடந்த பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லை. பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அவனை மைதானத்தைப் பத்துச் சுற்று சுற்றிவரச் செய்வது பயிற்சியாகாது. முதல் நாள் இருபது நிமிடம், பிறகு நாளுக்குச் சிறிது என ஏற்றிச் செல்ல வேண்டும். தாமதமாக வந்தவனைத் தண்டனையாக வெயிலில் ஓடவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். தண்டனை ஓட்டத்தில் களைப்பென்னும் காவலனின் சொல்லுக்கு மதிப்பில்லை.

இவ்வளவு கவனித்தும் ஒருவன் வீழ்ந்தால் என்ன செய்வது? முதலில் அடையாளம் தெரிய வேண்டும். வெப்பத் தாக்கு என்றால் தோல் உலர்ந்திருக்கும் என்று பலர் படித்திருப்பார்கள். முதியோருக்கு வீட்டுக்குள் நேரும் வெப்பத் தாக்கில் அது பெரும்பாலும் உண்மை. ஓடி வீழ்ந்தவனுக்கோ வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம். பார்க்க வேண்டியது தோலை அன்று, அறிவை. கால் பின்னுகிறதா, கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாமல் பேசுகிறானா, காரணம் இன்றிச் சினக்கிறானா, தன் ஊரின் பெயரைச் சொல்லத் திணறுகிறானா? அவ்வாறாயின் ஒரு நொடியும் வீணாக்கலாகாது. 108-க்குச் சொல்லி அனுப்பிவிட்டு, வண்டிக்காகக் காத்திராமல் உடனே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். நிழலுக்கு இழுத்துச் சென்று, மேலாடையைக் களைந்து, கழுத்து வரை குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது தலைசிறந்த முறை; ஒருவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையேல், குடம் குடமாக உடலெங்கும் ஊற்றி, ஈரத்துணி போர்த்தி, விடாமல் விசிற வேண்டும். மயங்கியவன் வாயில் நீர் புகட்டலாகாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் பால்மவுத் என்னும் ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் 11 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஓட்டம் ஒன்று நடைபெறுகிறது. நம் கடற்கரையைப் போலவே ஈரக்காற்று வீசும் இடம். ஓட்டம் முடியும் இடத்திலேயே பனிக்கட்டி மிதக்கும் நீர்த்தொட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள். அங்கே 18 ஓட்டங்களின் குறிப்பேடுகளை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியாயிற்று. வெப்பத் தாக்குற்று அத்தொட்டிகளில் அமிழ்த்தப்பட்டோர் 274 பேர். 274 பேரும் பிழைத்தனர்.